இழைத்தால் போகுமா தீட்டு?

மர மேசையின் மேல் பளிங்குப் பலகை பதித்தால் அது இன்னும் மர மேசைதானா? கி.பி. 200 வாக்கில் பாலஸ்தீனத்தில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டநூல் இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பாத்திரங்களின் தீட்டைப் பற்றிப் பேசுவதற்கென்றே 'கேலிம்' என்று அதில் ஒரு பகுதி; முப்பது அதிகாரங்கள். மேசையை முழுக்கப் பளிங்கால் மூடிவிட்டால் அது கல்லின் கணக்கில் போய்விடும், கல்லைத் தீட்டு அண்டாது. கிண்ணங்கள் வைக்கிற அளவுக்காவது மரம் வெளியே தெரிந்தால் அது மரம்தான், தீட்டுக்கு ஆளாகும். ரபி யூதா இதில் இன்னும் கறார்: கிண்ணம் வைக்க இடமிருந்தால் போதாது, உணவுத் துண்டுகள் வைக்கவும் இடமிருந்தால்தான் அதை மேசை என்று கொள்ள வேண்டும் என்கிறார். வேறோர் அதிகாரத்தில், மேசையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒன்றா, தனித்தனியா என்று வழக்கு. யூதா தனித்தனி என்கிறார். ரபி மேயிர் ஒப்பவில்லை. காய் நறுக்கும் பலகையில் ஒரு பக்கம் வெங்காயம் பூண்டுக்கு, மறுபக்கம் பழத்துக்கு என்று திருப்பிப் போட்டுப் புழங்குகிறவர்கள் எல்லாரும் யூதா கட்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்றைக்குச் சமையலறை மேடைக்குப் பொருள் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள். மஞ்சள் கறை பிடிக்குமா? தண்ணீர் இறங்குமா? மீன் வாடை தங்குமா? கிரானைட், குவார்ட்ஸ், தேக்கு என்று விற்பனையாளர் ஒவ்வொரு மாதிரியாக எடுத்து வைக்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்: மேலே பட்டது உள்ளே போகுமா, போனால் திரும்பி வருமா? இந்தச் சந்தேகத்தை மதங்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் துருவித் துருவிக் கேட்டிருக்கின்றன. அவற்றை அதிகம் தொல்லைப்படுத்திய பொருள் மரம்தான்.

காரணம் எளிது. உலோகம் தன்மேல் பட்டதை உள்ளே விடாது, தேய்த்தால் போய்விடும். சுட்ட மண் உறிஞ்சிக்கொள்ளும், விடாது. மரமோ இரண்டுங்கெட்டான். உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய நுண்குழாய்கள் பலகையான பின்னும் அப்படியே இருக்கின்றன. ஈரம் பட்டால் இழுக்கும், காய்ந்தால் விடும், மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும்.

பைபிளின் லேவியராகமம் இந்த வேறுபாட்டை அப்படியே சட்டமாக்கியது. எலி, பல்லி போன்றவை செத்து மண்பாண்டத்துக்குள் விழுந்தால் பாண்டத்தை உடைத்துவிட வேண்டும். அதே பிராணி மரப்பாத்திரத்தின் மேல் விழுந்தால் அதைத் தண்ணீரில் போட வேண்டும். மாலை வரை தீட்டு, பிறகு சுத்தம். பலியிறைச்சி வேகவைத்த மண்சட்டிக்கும் உடைபடும் விதிதான். வெண்கலப் பானை என்றால் துலக்கி அலசினால் போதும். தீயில் புழங்கிய உலோகத்தைத் தீயிலேயே இட்டுச் சுத்தப்படுத்தச் சொல்கிறது எண்ணாகமம்.

இந்தப் பக்கம் வந்தால், மனுஸ்மிருதியும் சாமான் வாரியாகத்தான் பேசுகிறது. மண்பாண்டத்தைத் திரும்பச் சுட வேண்டும். மரத்தை இழைக்க வேண்டும். யாக்ஞவல்கியரும் மரம், கொம்பு, எலும்பு மூன்றுக்கும் இழைப்பையே சொல்கிறார். வேள்வியில் நெய் வார்க்கும் மரக்கரண்டிகளுக்கு மட்டும் மனு சலுகை தருகிறார்: வெந்நீர் போதும். இவர்களுக்கெல்லாம் முந்தியவரான போதாயனர் மரப்பாத்திரத்துக்கு மூன்று படிகள் வைத்திருக்கிறார். தூய்மையற்றவர் தொட்டுவிட்டால் சுரண்டு. எச்சில் பட்டுவிட்டால் இழை. மலம், மூத்திரம், இரத்தம் பட்டுவிட்டால் எறி. ஒரு தச்சரும் ஒரு வைதிகரும் திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய பட்டியல் போலிருக்கிறது. எது எவ்வளவு ஆழம் இறங்கும் என்ற கணக்கு அதில் தெரிகிறது.

யூத வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் நடைமுறையில் இருக்கிறது. இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பது கோஷர் விதி. ஆகவே அடுப்பு மேடையிலிருந்து கரண்டி வரை எல்லாம் இரண்டு இரண்டு. பாத்திரம் எப்படி உறிஞ்சியதோ அப்படியே வெளியே விடும் என்பது தால்முது காலத்திலிருந்து வரும் கொள்கை; கொதிநீரில் உறிஞ்சியது கொதிநீரில் வெளியேறும், தீயில் உறிஞ்சியது தீயில்தான் வெளியேறும். 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்கான் அரூக் என்ற சட்டத்தொகுப்பு மரப்பாத்திரத்தைக் கொதிநீரால் தூய்மைப்படுத்தலாம் என்று அனுமதிக்கிறது. புளித்த மாவை விலக்கும் பஸ்கா பண்டிகைக்கு முன் மர மேடையைத் தயார் செய்ய விரும்பும் குடும்பம் முதலில் அதை வழவழப்பாகத் தேய்க்கும். வெடிப்போ பிளவோ இருந்தால் பாச்சா பலிக்காது, அதற்குள் மாவுத்துகள் ஒளிந்திருக்கும். பிறகு இருபத்துநான்கு மணி நேரம் மேடையைப் புழங்காமல் விட்டுவைப்பார்கள். உள்ளே இறங்கிய சுவை ஒரு நாள் கழிந்தால் கெட்டுப்போகும், கெட்டுப்போன சுவைக்குச் சட்டத்தில் வலு குறைவு. அதற்குப் பிறகுதான் கொதிக்கக் கொதிக்க நீரை மேடை முழுக்க ஊற்றுவது.

கிரானைட்டுக்கு அவர்களிடம் பெரிய சிக்கல் இல்லை. பீங்கானுக்கு வழியே இல்லை, அது மண்ணின் சாதி. உண்மையான தலைவலி புதுப் பொருள்களால்தான் வந்தது. கற்பொடியைப் பிசினோடு கலந்து வார்க்கும் குவார்ட்ஸ் மேடை கல்லா, பிளாஸ்டிக்கா? இதில் ரபிகளுக்குள் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. பளிங்கு பதித்த மேசையின் வழக்கு பெயர் மாறி நடக்கிறது.

அறிவியல் இதில் தலையிட்ட கதை சுவாரசியமானது. பிளாஸ்டிக் பலகைதான் சுகாதாரமானது, மரம் கிருமிக் கூடாரம் என்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற உணவு நுண்ணுயிரியலாளர், மரப்பலகையையும் பிளாஸ்டிக் அளவுக்குப் பாதுகாப்பாக்க என்ன வழி என்று தேடப் புகுந்தார். பலகைகளின் மேல் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகளைத் தடவிப் பார்த்ததில் விடை தலைகீழாக வந்தது. மரத்தின் மேல் தடவிய கிருமிகளைச் சில நிமிடங்களில் திரும்ப எடுக்கவே முடியவில்லை. அவை ஈரத்தோடு உள்ளே இழுக்கப்பட்டு, அங்கே பெருகாமல் காய்ந்து மடிந்தன. புதுப் பிளாஸ்டிக்கைக் கழுவுவது சுலபம்தான். கத்தி கீறிய பழைய பிளாஸ்டிக்கிலோ கீறலுக்குள் கிருமி உயிரோடு உட்கார்ந்திருந்தது, எவ்வளவு தேய்த்தாலும் அசையவில்லை. இந்த முடிவுகள் 1994இல் ஆய்விதழில் வெளியாயின. இதனால் மரத்துக்கு முழு விடுதலை கிடைத்துவிடவில்லை. கிருமியின் அளவு மிகுதியாக இருந்தால், பலகையைப் பிளந்தோ சுரண்டியோ பார்க்கும்போது உள்ளே சில அகப்படத்தான் செய்தன. பச்சைக் கோழி நறுக்கிய பலகையைக் கழுவிக் காயவைக்காமல் அதன்மேல் வெள்ளரிக்காய் நறுக்குகிறவருக்குக் கிளைவர் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

இங்கேதான் தத்துவக் கேள்வி முளைக்கிறது. உள்ளே போனது உள்ளேயே இருக்கிறது, ஆனால் மேலே வருவதில்லை, யாருக்கும் தீங்கில்லை என்றால் அந்தப் பலகை சுத்தமானதா, அசுத்தமானதா? ஆய்வகம் 'சுத்தம்' என்று சொல்லிவிடும். அதன் அளவுகோல் விளைவு. தீட்டை நம்புகிறவருக்கு விளைவு இரண்டாம் பட்சம், நடந்தது நடந்ததுதான். மரம் தொட்டதை மறக்குமா என்பதே அவருடைய கவலை. இரண்டு பேரும் ஒரே பலகையைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் பலகையின் இன்றைய நிலையைக் கேட்கிறார், மற்றவர் அதன் பூர்வோத்திரத்தைக் கேட்கிறார்.

குற்றம் பாத்திரத்தில் இருக்கிறதா, அதில் உள்ளதில் இருக்கிறதா என்ற வழக்கை இஸ்லாமிய மரபு தன் வழியில் தீர்த்தது. அப்துல் கைஸ் குலத்தார் நபிகள் நாயகத்தைக் காண வந்தபோது அவர் நான்கு வகைப் பாத்திரங்களைத் தடுத்தார் என்று ஹதீஸ்கள் பதிவு செய்கின்றன: சுரைக்குடுக்கை, மெருகிட்ட பச்சை ஜாடி, கீல் பூசிய கலம், பேரீச்ச மரத்தின் அடித்தண்டைக் குடைந்து செய்த 'நகீர்'. பேரீச்சம்பழத்தை ஊறவைக்கும் நீர் இவற்றில் சீக்கிரம் புளித்து மதுவாகிவிடும். பின்னாளில் அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் ஊறவைத்துக் குடிக்கலாம், போதை தருவதை மட்டும் குடிக்கக் கூடாது என்றானது. மரக்கலம் விடுதலையானது, பொறுப்பு குடிக்கிறவர் தலையில் இறங்கியது. இதுவரை சொன்ன எல்லாச் சட்டங்களிலும் இந்தத் திருத்தம்தான் மிக நேர்த்தியானது என்று தோன்றுகிறது.

மேடையைவிடவும் அலமாரிதான் ஒரு வீட்டின் சமயத்தை வெளிப்படையாகச் சொல்லும். மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய 'ப்யூரிட்டி அண்ட் டேஞ்சர்' நூலில், இடம் மாறிய பொருளைத்தான் அழுக்கு என்கிறோம் என்று வாதிட்டார். செருப்பு வாசலில் இருந்தால் செருப்பு, சாப்பாட்டு மேசையில் இருந்தால் அழுக்கு. அப்படிப் பார்த்தால் சமையலறையில் தட்டு அடிப்பதே ஒரு சமயக் காரியம். கோஷர் வீட்டில் பால் பாத்திர அலமாரியும் இறைச்சிப் பாத்திர அலமாரியும் வேறு வேறு. பஸ்கா நாள்கள் முழுவதும் புளித்த மாவுப் பொருள் இருக்கும் அலமாரிகளைக் கட்டியோ ஒட்டியோ மூடிவிடுவார்கள். உள்ளே இருப்பதை யூதரல்லாத ஒருவருக்குச் சட்டப்படி விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மாவு இருந்த இடத்திலேயே இருக்கும். உடைமை மட்டும் கைமாறும்.

தமிழ்நாட்டு ஆசாரக் குடும்பங்களில் இதற்கு இணையானது 'பத்து'. சோறும் சோறு வடித்த பாத்திரமும் பத்து. அவற்றைத் தொட்ட கையை நனைத்துக்கொள்ளாமல் தயிரையோ நெய்யையோ ஊறுகாய் ஜாடியையோ தொடக் கூடாது. ஆகவே சோற்றுப்பானைக்கு ஒரு மூலை, பால் தயிருக்கு வேறு பலகை, ஊறுகாய்க்கு எட்டாத உயரத்தில் இன்னொன்று. நவீன வாஸ்து நிபுணரைக் கூப்பிடாமலே பாட்டிமார் வைத்திருந்த சேமிப்புத் திட்டம் இது. இதில் நடைமுறைப் பயனும் உண்டு: சோற்றுப் பருக்கையோ ஈரமோ ஊறுகாயில் விழுந்தால் பூஞ்சை பூக்கும். உப்புக்கு மரவை, புளிக்குழம்புக்குக் கல்சட்டி, கடுகு சீரகத்துக்கு அறை அறையாகக் குடைந்த மர அஞ்சறைப் பெட்டி என்று எந்தப் பொருள் எந்தக் கலத்தோடு ஒத்துப்போகும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. தகரத்தில் வைத்தால் அரித்துவிடும் உப்பு, மரத்தில் சமர்த்தாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டி வந்து இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. நேற்றைய சோறும் இன்றைய பாலும் ஒரே தட்டில் உட்கார்ந்தன. எந்த மடாதிபதியும் இதற்கு ஆணை பிறப்பிக்கவில்லை. மின்சாரம் வந்தது, பத்து போயிற்று.

ஊறுகாயில் பருக்கை விழக் கூடாது என்ற எச்சரிக்கையும் தீட்டும் ஒன்றேதான், எல்லாம் சுகாதாரம்தான், முன்னோர் முட்டாள்களா என்று ஒரு வாதம் வழக்கமாக இந்த இடத்தில் வரும். கேட்க இதமாக இருக்கும். அதை நம்புவதற்கு முன் மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சண்டாளர் ஊருக்கு வெளியே வாழ வேண்டும் என்று சொல்லும் அதே இடத்தில், அவர்கள் உண்ட பாத்திரம் ஒதுக்கப்பட வேண்டியது என்றும், அவர்களுக்குச் சோறு உடைந்த கலத்தில் இடப்பட வேண்டும் என்றும் வருகிறது. மண்ணுக்குத் தீ, மரத்துக்கு இழைப்புளி, கரண்டிக்கு வெந்நீர் என்று ஒவ்வொரு பொருளுக்கும் பரிகாரம் தேடித் தேடிக் கண்டுபிடித்த நூல், இந்த மனிதர் தொட்ட கலத்துக்கு மட்டும் எதையும் தேடவில்லை.

தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை இதன் தொடர்ச்சி. கண்ணாடியைப் போல உறிஞ்சாத பொருள் வேறில்லை. கழுவினால் ஒரு சுவடும் நிற்காது. உறிஞ்சுதல்தான் பிரச்சினை என்றால் ஒரே கண்ணாடிக் குவளையில் ஊரே குடித்திருக்கலாம். தலித்துகளுக்குச் சிரட்டையையோ தனிக் குவளையையோ நீட்டியவர்கள் பாத்திரத்தின் குணத்தை யோசித்ததே இல்லை என்பது அங்கே வெட்டவெளிச்சமாகிறது. 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்துக்குப் பிறகும் அந்தக் குவளைகள் பல ஊர்களில் ஆணியில் தொங்கின. பொருளின் தீட்டுக்குப் பின்னால் எங்கேயாவது ஓர் ஆள் நிற்கிறாரா என்று பார்ப்பதுதான் இந்த விதிகளைப் படிப்பதற்கு உருப்படியான வழி. பல்லி விழுந்த சட்டியின் பின்னால் யாரும் நிற்கவில்லை. உடைந்த கலத்தின் பின்னால் ஒரு சேரியே நிற்கிறது.

துறவிகள் இதே மரத்தை வேறு கோணத்தில் பார்த்தார்கள். ராஜகிருகத்தில் ஒரு வணிகர் சந்தனக்கட்டையில் கடைந்த திருவோட்டைக் கம்பத்தின் உச்சியில் கட்டி, சித்தி பெற்றவர் யாராயினும் எடுத்துக்கொள்ளட்டும் என்றாராம். பிண்டோல பாரத்வாஜர் பறந்துபோய் எடுத்துவந்தார். புத்தர் மகிழவில்லை. ஓட்டை உடைத்துப் பொடியாக்கச் சொன்னார். பிக்குகளுக்கு மரப்பாத்திரமே கூடாது, இரும்பும் மண்ணும் போதும் என்று விதித்தார். விநய பிடகத்தில் இந்தக் கதை இருக்கிறது. சுவேதாம்பர சமணத் துறவிகளுக்கோ நேர்மாறான விதி: உலோகம் கூடாது, வண்ணம் பூசிய மரப்பாத்திரம்தான் கையில். மனுவும் சந்நியாசிக்கு உலோகத்தை விலக்கி, சுரைக்குடுக்கை, மரம், மண், மூங்கில் என்று நான்கை அனுமதிக்கிறார். ஒருவருக்கு மரம் பகட்டு, மற்றவருக்கு உலோகம் செல்வம். தூய்மை என்ற பேச்சே இங்கே எழவில்லை. கையில் இருப்பது ஆளை எங்கே இழுக்கும் என்பதுதான் கேள்வி. சந்நியாசிக்கு ஏழ்மையின் அடையாளமாகக் கொடுத்த அதே மரம் இன்று சமையலறை மேடைகளில் விலை உயர்ந்த சாமான்களில் ஒன்று என்பதைக் கேட்டால் மூன்று தரப்பும் சேர்ந்து சிரிக்கக்கூடும்.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு வீட்டுக்கு மர மேடை போடலாமா? போடலாம். ஆனால் எந்த மரம் என்று பார்க்க வேண்டும். மாடுலர் சமையலறைகளில் 'மரம்' என்று காட்டப்படுவது பெரும்பாலும் பிளைவுட் மேல் ஒட்டிய லாமினேட். ஒரு மில்லிமீட்டர் கனம். நிஜ மரத்தின் சீவலான வெனீர் என்றால் இன்னும் மெல்லிசு. அதில் கத்தி கீறினால் கீறினதுதான். போதாயனரின் மூன்று படிகளில் முதல் இரண்டும் அங்கே நடக்காது. சுரண்டினால் அடியில் பிளைவுட் பல்லிளிக்கும், மிச்சம் இருப்பது எறிவது மட்டும். இழைத்துப் புதுப்பிக்கலாம் என்ற பழைய நம்பிக்கைக்கு அடியில் கனமான கட்டை இருந்தாக வேண்டும்.

ஒன்றரை அங்குலக் கனத்தில் தேக்குப் பலகை போட்டவர்கள் உப்புத்தாள் பிடித்து ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் எடுத்தாலும் அரை அங்குலம் குறைய இருபத்தைந்து ஆண்டாகும். கழுவுதொட்டியை ஒட்டியும் அடுப்பைச் சுற்றியும் கிரானைட்டை விட்டுவிட்டு, காய் நறுக்கும் உலர்ந்த பகுதிக்கு மட்டும் மரம் வைப்பது புத்திசாலித்தனம். சென்னை ஈரப்பதத்தில் தொட்டியோரத்து மரம் கறுக்காமல் இருப்பது அபூர்வம். மேலே பூசுவதற்கு உணவுத் தர மினரல் ஆயிலும் தேன்மெழுகும் உண்டு. சமையல் எண்ணெய் பூசினால் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். அசைவம் சமைக்கும் வீட்டில் பச்சை இறைச்சிக்கு மேடையைத் தொடாத தனிப் பலகை வேண்டும், அது எந்த மதத்தவர் வீடானாலும் சரி. தச்சரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: மேடையை அடியிலிருந்து முடுக்கும் திருகுகளுக்குத் துளையை வட்டமாகப் போடாமல் சற்று நீளவாக்கில் விடச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் பலகை குறுக்குவாட்டில் விரியும், பங்குனியில் சுருங்கும். நகர இடம் கொடுக்காமல் இறுக்கிவிட்டால் இரண்டே பருவத்தில் நடுவில் வெடித்துவிடும்.